நீலாயில் அறை தேடும் வெளிநாட்டு மாணவர்கள்: வீடு கொடுப்போரும் குடிவருவோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெகிரி செம்பிலானில் வெளிநாட்டு மாணவர்கள் அதிகமாகத் தங்கிப் படிக்கும் ஊர் நீலாய். ஒவ்வொரு முறை புதிய மாணவர் சேர்க்கை நடக்கும்போதும், பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள தாமான்களில் வாடகைக்கு அறை தேடுவோர் கூடிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டு வரும் வீடுகளில் தமிழர்களின் வீடுகளும் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறிக் கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பங்களுக்கு, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு காலியாகிவிட்ட ஓர் அறை மாத வருமானம் தரும். மொழி தெரியாத ஊருக்கு வந்த மாணவருக்கோ அது பாதுகாப்பான ஒரு கூரை.

ஆனால் இந்த ஏற்பாடு பல இடங்களில் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. முன்பணம் வாங்கியதற்கு ரசீது கிடையாது. ஒப்பந்தம் கிடையாது. குடிவருபவரின் கடப்பிதழைப் பார்ப்பதும் கிடையாது. சிக்கல் வரும்போது இரு தரப்பிடமும் காட்டுவதற்கு எதுவும் இருப்பதில்லை. அறை தேடும் மாணவரும் அறை கொடுக்கும் குடும்பமும் என்னென்ன செய்ய வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உள்ளூரில் அறை தேடும் நம் பிள்ளைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தோட்டம் நகரமான வட்டாரம்

நீலாய், லாபு, பத்தாங் பெனார் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. 1990களில் நீலாயில் புதிய நகரத் திட்டங்கள் எழுந்தன. 1998-இல் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதும் இப்பகுதியின் நிலத்துக்கு மதிப்பு கூடியது. தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்களும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் வந்தன.

இன்று நீலாயில் இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நீலாய் பல்கலைக்கழகம், யூசிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை இயங்குகின்றன. மணிப்பால் அனைத்துலகப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கி இப்போது மிலா என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகமும் இங்கே உள்ளது. சிரம்பானில், ராசா சாலையில், ஐ.எம்.யூ. மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைப் பயிற்சி வளாகம் இருக்கிறது.

இந்த மாற்றத்தில் தோட்ட மக்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த லயத்து வீட்டுக்கு அவர்கள் பெயரில் ஒரு காகிதமும் இருந்ததில்லை. வீடு வேலையோடு வந்தது. வேலை போனதும், தோட்டம் விற்கப்பட்டதும் வீடும் போனது. எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதைச் சொல்ல வாய் இருந்தது; காட்ட ஆவணம் இல்லை. அந்த அனுபவம் உள்ள குடும்பங்கள் இன்று வீட்டுக்காரர்களாக இருக்கும்போது, எழுத்தில் இருப்பதன் மதிப்பை அவர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் விடுதி, பிறகு வெளி அறை

வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர், தாம் நேரில் பார்க்காத ஓர் அறைக்கு ஊரில் இருந்தபடியே பணம் அனுப்பக்கூடாது. முதல் பருவத்துக்கு வளாக விடுதியிலோ, பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யும் தங்குமிடத்திலோ இருந்துகொண்டு வெளியில் தேடுவதே பாதுகாப்பானது. விடுதியில் இடம் இல்லை என்றால், ஒன்றிரண்டு வாரங்களுக்குத் தற்காலிகமாக எங்காவது தங்கி, பகலிலும் இரவிலும் வீடுகளை நேரில் பார்த்து முடிவு செய்யலாம்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அனைத்துலக மாணவர்களுக்கென ஓர் அலுவலகம் இருக்கும். அதனிடம் முதலில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வெளியில் தங்க அனுமதி உண்டா? வெளி முகவரியை எப்படிப் பதிவு செய்வது? அலுவலகத்துக்குத் தெரிந்த வீட்டுக்காரர்களின் பட்டியல் இருக்கிறதா? முகவரி மாறியதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்காமல் இருப்பது, மாணவர் பாஸ் புதுப்பிக்கும்போது தேவையற்ற சிக்கலைக் கொண்டுவரலாம்.

எங்கே தேடுவது

நீலாயில் தேசா பால்மா, தேசா ஜாத்தி, தேசா செம்பாக்கா, தாமான் செமாராக், நீலாய் இம்பியான் போன்ற குடியிருப்புகள் மாணவர்கள் தேடும் இடங்களில் சில. அடுக்குமாடி வீடுகளும் தரைவீடுகளும் கலந்திருக்கும். பல்கலைக்கழக வளாகங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கின்றன. எனவே ஊர் ஒன்றுதான் என்று நினைத்து அறை எடுத்துவிட்டுத் தினமும் வாடகைக் காருக்குப் பணம் கட்டுவோரும் உண்டு. வாடகை குறைவாக இருக்கும் அறை, போக்குவரத்துச் செலவைச் சேர்த்தால் விலை கூடியதாக முடியலாம். குடியேறுமுன் வகுப்பு நேரத்தில் ஒருமுறை போய்வந்து பார்ப்பது நல்லது.

கே.டி.எம். கொமுட்டர் ரயில் பத்து கேவ்ஸ் – பூலாவ் செபாங் தடத்தில் பத்தாங் பெனார், நீலாய், லாபு, தீரோய், சிரம்பான் நிலையங்கள் வரிசையாக உள்ளன. சிரம்பானில் தங்கி நீலாயில் படிப்பவர்களுக்கு ரயில் உதவும். ஆனால் நீலாய் நிலையத்திலிருந்து வளாகத்துக்குப் போக வேறு வண்டி தேவைப்படும். பல்கலைக்கழகம் இலவசப் பேருந்து விடுகிறதா, அது எந்தத் தாமான் வரை வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மளிகைக்கடை, உணவகம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றில் விசாரிப்பது இன்னும் பயன் தரும் வழிதான். மேற்படிப்பில் இருக்கும் சொந்த நாட்டு மாணவர்களின் சங்கம் இருந்தால், எந்த வீட்டுக்காரர் முன்பணத்தை ஒழுங்காகத் திருப்பித் தருகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்

மலேசியாவில் வீட்டு வாடகைக்கு மூன்று வகை முன்பணம் வாங்குவது வழக்கம். முதல் மாத வாடகை ஒன்று. இரண்டு மாத வாடகைக்குச் சமமான பாதுகாப்பு வைப்புத்தொகை ஒன்று. தண்ணீர், மின்சாரத்துக்காக அரை மாத வாடகை ஒன்று. இது வழக்கம்தான், சட்டம் விதித்த அளவு இல்லை. தனி அறைக்கு ஒரு மாத வைப்புத்தொகை மட்டும் வாங்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. பேசித் தீர்மானிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 500 வெள்ளி, பாதுகாப்பு வைப்புத்தொகை 1,000 வெள்ளி, தண்ணீர் மின்சார வைப்புத்தொகை 250 வெள்ளி. மொத்தம் 1,750 வெள்ளி. இதோடு ஒப்பந்தச் செலவும் முத்திரை வரியும் சேரும். மகனையோ மகளையோ வெளியூருக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர், கல்லூரிக் கட்டணத்தோடு இந்தத் தொகையையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

வாடகையில் எவை அடங்கும் என்பதையும் கேட்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், இணையம், ஏர்கோன், துணி துவைக்கும் இயந்திரம், கார் நிறுத்துமிடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும். ஏர்கோன் உள்ள அறைக்குத் தனி மீட்டர் பொருத்தியிருந்தால் மாதக் கடைசியில் வரும் சண்டைகள் குறையும்.

வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கும் வீட்டுக்காரருக்குச் சட்டப்பொறுப்பு ஒன்று இருக்கிறது. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55ஈ பிரிவின்படி, சட்டவிரோதக் குடியேறி ஒருவரைத் தம் இடத்தில் தங்க அனுமதிப்பது குற்றம். குற்றம் உறுதியானால், தங்கியிருந்த ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பாஸ் காலாவதியான பிறகும் நாட்டில் தங்கியிருப்பவரும் இந்த வகையில் சேர்வார். ஆகவே "நல்ல பையன், கல்லூரியில் படிக்கிறான்" என்பது போதாது.

குடிவரும் மாணவரிடம் கடப்பிதழ், செல்லுபடியாகும் மாணவர் பாஸ், பல்கலைக்கழக அடையாள அட்டை ஆகிய மூன்றையும் அசலில் பார்க்க வேண்டும். பாஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர் பாஸ் குறிப்பிட்ட ஒரு கல்வி நிலையத்தின் பெயரில் கொடுக்கப்படுகிறது. பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. விண்ணப்பங்களை எடுகேஷன் மலேசியா குளோபல் சர்வீசஸ் நிறுவனமும் குடிநுழைவுத் துறையும் கையாளுகின்றன. புதுப்பிக்கும் சமயத்தில் கடப்பிதழ் மாணவரின் கையில் இல்லாமல் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கக்கூடும். அப்போது அந்த அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நகல் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வாடகை பாக்கி வராமல் இருக்க என்று சொல்லிக் கடப்பிதழையே வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கக்கூடாது. உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது 1966 கடப்பிதழ் சட்டத்தின்படி குற்றம். மாணவரும், யார் கேட்டாலும் அசலை ஒப்படைக்கக்கூடாது.

அறை வாடகையும் வருமானம்தான். 1967 வருமான வரிச் சட்டத்தின்படி அதைக் கணக்கில் காட்ட வேண்டும். வீட்டுக்கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். வீட்டில் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்குரிய செலவைத்தான் கழிக்க முடியும். 2020 ஜனவரி 1 முதல் நீலாய் வட்டாரமும் சிரம்பான் மாநகர் மன்றத்தின் கீழ் வந்துவிட்டதால், மதிப்பீட்டு வரி ரசீதுகள் அந்த மன்றத்தின் பெயரிலேயே இருக்கும்.

எந்த வீட்டை வாடகைக்கு விடக்கூடாது

இன்னும் தோட்டக் குடியிருப்பில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்குக் கொடுத்த வீடு அவருடைய சொத்து ஆகாது. அது வேலையை ஒட்டிய குடியிருப்பு. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதில் ஓர் அறையை வெளியாருக்கு வாடகைக்கு விட்டால், வாடகைப் பணத்துக்கு ஆசைப்பட்டு வேலையையும் வீட்டையும் இழக்க நேரலாம். மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் வாடகைக்குக் கிடைத்த அடுக்குமாடி வீட்டையும் மறுவாடகைக்கு விட முடியாது.

சொந்த வீடாக இருந்தாலும், அடுக்குமாடிக் குடியிருப்பில் நிர்வாகக் குழுவின் விதிகளைப் பார்க்க வேண்டும். குடிவருபவரின் பெயரைப் பதிவு செய்தால்தான் நுழைவு அட்டை கிடைக்கும் இடங்கள் உண்டு. மாணவர் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி, அறையைக் காட்டுபவர் உண்மையிலேயே வீட்டுக்காரரா என்பது. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, அதில் அறைகளை மறுவாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்திருந்தால், அவர் வாடகை கட்டாமல் போகும் நாளில் உள்ளே இருக்கும் மாணவரின் நிலை கேள்விக்குறியாகும். மதிப்பீட்டு வரி ரசீதையோ, தண்ணீர் மின்சார ரசீதையோ காட்டச் சொல்லி, அதிலுள்ள பெயரை அடையாள அட்டைப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் நடைமுறையில் இல்லை. 1950 ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களே இதற்கும் பொருந்துகின்றன. ஆகவே இருவரும் என்ன எழுதிக் கையெழுத்திட்டார்களோ, பெரும்பாலும் அதுதான் நிற்கும். எழுதாமல் விட்டது பின்னால் வாக்குவாதமாகும்.

தேவையானவை இவை. இரு தரப்பின் பெயர், அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் எண். வாடகைத் தொகை, கட்ட வேண்டிய தேதி, வங்கிக் கணக்கு. ஒப்பந்தம் தொடங்கும் நாள், முடியும் நாள். வைப்புத்தொகை எவ்வளவு, வீட்டைக் காலி செய்த எத்தனை நாளில் அது திருப்பித் தரப்படும், எந்தெந்தக் காரணத்துக்காகக் கழிக்கப்படும். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு. எந்தப் பழுதை யார் சரிசெய்வது.

வெளிநாட்டு மாணவர் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்ல வேண்டிய ஒரு வரி உண்டு. மாணவர் பாஸ் புதுப்பிக்கப்படாமல் போனாலோ, படிப்பு நின்று நாடு திரும்ப வேண்டி வந்தாலோ, ஒரு மாத முன்னறிவிப்போடு வைப்புத்தொகையை இழக்காமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதே அது. இது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஊர் திரும்பும் மாணவர், மீதி ஆறு மாத வாடகைக்கும் பொறுப்பாக்கப்படலாம். வீட்டுக்காரருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. பாஸ் முடிந்தவர் வீட்டில் தொடர்ந்து தங்குவதற்கு இடமில்லாமல் போகிறது.

நண்பர்கள் நால்வர், ஐவர் சேர்ந்து முழு வீட்டையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுத்தால், "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், ஒருவர் சொல்லாமல் போய்விட்டாலும் அவர் பங்கு வாடகை மற்றவர்களின் தலையில் விழும். அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் போடுவது மாணவர்களுக்கு நல்லது.

குடியேறும் நாளிலேயே அறையின் நிலையை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கட்டில், மெத்தை, மின்விசிறி, அலமாரி, சாவி ஆகியவற்றைப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். சுவரில் உள்ள கறை, உடைந்த ஓடு, மின் மீட்டரின் எண் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அன்றே புலனத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும்.

முத்திரை வரி: சிறிய செலவு, பெரிய காவல்

கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். 1949 முத்திரைச் சட்டத்தின்படி, முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பின்னர் அபராதத்தோடு கட்டினால்தான் அது பயன்படும்.

முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி வரி. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 வெள்ளி. மேலே சொன்ன 500 வெள்ளி அறையை ஓராண்டுக்கு எடுத்தால், ஆண்டு வாடகை 6,000 வெள்ளி. முத்திரை வரி 24 வெள்ளி. இரண்டாம் நகலுக்கு 10 வெள்ளி. வழக்கமாக இதைக் குடிவருபவரே செலுத்துகிறார்.

2026 ஜனவரி 1 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுய மதிப்பீட்டு முறை வந்துள்ளது. வரியைக் கட்டுபவரே கணக்கிட்டு இணையம் வழி அறிவித்துச் செலுத்த வேண்டும். தாமதமானால், முதல் மூன்று மாதத்துக்குள் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது அபராதம். மூன்று மாதம் கடந்தால் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு. 24 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் 100 வெள்ளி அபராதம் கட்டுவதில் பொருள் இல்லை.

ஒரே கூரையின் கீழ்

வீட்டுக்காரக் குடும்பமும் அதே வீட்டில் வசித்தால், சட்டத்தில் வராத சில விஷயங்களை முதல் நாளே பேசிவிட வேண்டும். சமையலறையைப் பயன்படுத்தலாமா, எந்த நேரத்தில்? மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சமைக்கக்கூடாது என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாமி மேடை உள்ள இடம், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம், வீட்டுக்குள் காலணி அணியாமை ஆகியவை வெளிநாட்டவருக்குத் தெரியாதவை. அதேபோல் குடிவரும் மாணவர் முஸ்லிமாக இருந்தால் தொழுகைக்கு இடம், தனிப் பாத்திரம், நோன்பு மாதத்தில் விடியற்காலைச் சமையல் ஆகியவற்றைக் கேட்கத் தயங்கக்கூடாது.

விருந்தினர் வரலாமா, இரவு தங்கலாமா, கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதையும் பேச வேண்டும். மாணவி தங்கும் அறையானால் உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட பிறகு அந்த அறைக்குள் சொல்லாமல் நுழையும் பழக்கத்தை வீட்டுக்காரர் விட்டுவிட வேண்டும்.

மோசடிக்காரர்களிடம் கவனம்

புதிதாக வரும் மாணவர்களை ஏமாற்றும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முகநூலில் அழகான அறையின் படம், சந்தை விலையைவிடக் குறைந்த வாடகை, "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் போட்டால் உங்களுக்கு" என்ற அவசரம். பணம் போனதும் எண் அணைந்துவிடும்.

வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. முகவர் என்று சொல்பவரிடம் ஆர்.இ.என். எண் கொண்ட அட்டையைக் கேட்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள் வாரியத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். முன்பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடக்கூடாது. பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்கிலோ வீட்டுக்காரரின் கணக்கிலோதான் போட வேண்டும். அந்தக் கணக்கு எண் மீது புகார் உண்டா என்பதைப் போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் பார்க்கலாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கைமாறும் நேரம்.

தகராறு வந்தால்

வாடகை பாக்கி என்றால் பூட்டை மாற்றுவது, சாமான்களை வாசலில் வைப்பது ஆகியவை நடக்கின்றன. சட்டம் இதை அனுமதிக்கவில்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வெளியேறாமல் இருந்தால், நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்று 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. பாக்கிக்காகச் சாமான்களைக் கைப்பற்றவும் 1951 சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை வேண்டும். நியாயம் தம் பக்கம் இருக்கும் வீட்டுக்காரரே, பூட்டை உடைத்ததால் வழக்கில் தோற்க நேரலாம்.

வைப்புத்தொகை திரும்பக் கிடைக்காத மாணவருக்கும், பாக்கி வசூலாகாத வீட்டுக்காரருக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு தொகைக் கோரிக்கை முறை உதவும். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு இங்கே வழக்கறிஞர் இல்லாமல் தாமே வழக்குப் போடலாம். 198-ஆம் எண் படிவத்தை நிரப்பி, ஒப்பந்தம், வங்கி ரசீது, புலனச் செய்திகள், படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். அதற்குமுன் தேதியிட்ட கோரிக்கைக் கடிதம் ஒன்றை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். மாணவர் நாடு திரும்பும் தேதிக்குச் சில மாதங்களுக்கு முன்பே வைப்புத்தொகை பற்றிப் பேசத் தொடங்குவது நல்லது. விமானம் ஏறிய பிறகு வழக்கு நடத்துவது கடினம்.

'இந்தியர்களுக்கு இல்லை'

வாடகை விளம்பரங்களில் குறிப்பிட்ட ஓர் இனத்துக்கு மட்டும், அல்லது இந்தியர்களுக்கு இல்லை என்ற வாசகத்தைப் பார்க்காத மலேசியத் தமிழர் குறைவு. தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்று சொல்லப்படுவதும் பலருக்குப் பழகிப்போன ஒன்று. அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமத்துவத்தை உறுதி செய்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, தனியாருக்கிடையிலான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று 2005-இல் விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இனத்தைக் காட்டி அறை மறுக்கும் தனியார் வீட்டுக்காரரைத் தடுக்க இன்று நேரடிச் சட்டம் இல்லை.

அந்த மறுப்பின் வலி தெரிந்தவர்கள், தம் வீட்டு வாசலில் ஆப்பிரிக்காவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த மாணவர் நிற்கும்போது என்ன பதில் சொல்கிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. தோலின் நிறத்தைப் பார்த்து அஞ்சுவதற்குப் பதிலாக, மேலே சொன்ன ஆவணங்களைப் பார்த்தால் போதும். கடப்பிதழ் சரியா, பாஸ் செல்லுமா, பல்கலைக்கழகம் உறுதி செய்கிறதா, வாடகை கட்ட வழி உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் இனம் கிடையாது. அவற்றுக்குச் சரியான பதில் தருபவர் எந்த நாட்டவராக இருந்தாலும் நல்ல குடித்தனக்காரராக இருக்க வாய்ப்பு உண்டு. பதில் தராதவர் நம்மவராக இருந்தாலும் கொடுக்க வேண்டியதில்லை.

கையெழுத்திடுமுன் சரிபார்க்க

மாணவர்: அறையை நேரில் பார்த்தாயிற்றா? வீட்டுக்காரரின் பெயர் ரசீதில் உள்ளதா? வைப்புத்தொகை திருப்பித் தரும் நாள் எழுதப்பட்டுள்ளதா? பாஸ் கிடைக்காவிட்டால் வெளியேறும் வரி உள்ளதா? முன்பணத்துக்கு ரசீது கிடைத்ததா?

வீட்டுக்காரர்: கடப்பிதழையும் பாஸையும் அசலில் பார்த்து, நகலை வைத்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? பாஸ் முடியும் தேதியைக் குறித்தாயிற்றா? பொருள் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டாயிற்றா?

இருவரும்: ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரையிட்டு, ஆளுக்கொரு நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து அறை தேடும் தோட்டப்புற மாணவரும் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கடப்பிதழ், பாஸ் தொடர்பானவை தவிர மற்ற எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.